மத்தியமம் முழங்கும் அறை

பத்தடி அகலம், பத்தடி உயரம், பன்னிரண்டடி நீளம். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் சிமென்ட் பூசி டைல்ஸ் பதித்த வீடுகளில் இப்படி ஓர் அறையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு கட்டை சுதியில் பாடுகிற ஆண் ஒருவர் அந்த அறையில் உட்கார்ந்து, தானே கட்டிய பாட்டைச் செல்போனில் பதிகிறார். சட்ஜம் ஒழுங்காக விழுகிறது. மேலே ஏறிச் சுத்த மத்தியமத்தைத் தொட்டதும் குரல் திடீரென்று பெருத்து முழங்குகிறது. போட்டுக் கேட்டால் பாட்டில் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது.

பலர் இந்த இடத்தில்தான் பதிவை அழித்துவிட்டு எழுந்துபோகிறார்கள். நமக்குக் குரல் வாய்க்கவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். குரலில் ஒரு குறையும் இல்லை. அந்த ஸ்வரத்தில் அவரோடு சேர்ந்து அறையும் பாடுகிறது, அவ்வளவுதான்.

காற்றில் ஒலியின் வேகம் வெப்பத்தைப் பொறுத்து மாறும். 35 டிகிரி வெயிலில் அது நொடிக்குச் சுமார் 352 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்ப் போய்த் திரும்புகிறது. அந்த இடைவெளிக்குள் அரை அலைகள் ஒன்றோ இரண்டோ மூன்றோ மிச்சமில்லாமல் அடங்கிவிட்டால், போகிற அலையும் திரும்புகிற அலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நகராமல் நின்று அதிரும். இதை நிலையலை என்கிறோம். பத்தடிக்கு, அதாவது 3.05 மீட்டருக்கு, கணக்குப் போட்டால் சுமார் 58, 116, 173 ஹெர்ட்ஸ் என்று வரும். ஒரு கட்டை ஆண் குரலின் சட்ஜம் 131 ஹெர்ட்ஸ். அதன் மத்தியமம் மூன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில் 174-க்குப் போகிறது. அறையின் மூன்றாவது நிலையலை 173-இல் காத்திருக்கிறது. போதாக்குறைக்கு அறையின் அகலமும் உயரமும் ஒரே அளவு. பக்கச் சுவர்கள் ஒரு பக்கம், தரையும் கூரையும் இன்னொரு பக்கம் என்று இரண்டும் ஒரே ஸ்வரத்தைத் தூக்கிவிடுகின்றன.

இதைக் காதால் சோதித்துப் பார்க்கலாம். செல்போனைப் பக்கச் சுவரிலிருந்து 3 அடி 4 அங்குலத்தில் வைத்து அந்த மத்தியமத்தை நீட்டிப் பாடிப் பதியுங்கள். பிறகு சுவரிலிருந்து 1 அடி 8 அங்குலத்தில் வைத்து அதே ஸ்வரம். முதல் இடத்தில் மூன்றாவது நிலையலையின் அழுத்தம் உச்சத்தில் இருக்கிறது. இரண்டாவது இடத்தில் அநேகமாக இல்லை. அறையின் நட்டநடுவிலும் அப்படித்தான். இருபது அங்குலம் நகர்த்தியதில் குரலே மாறிவிட்டது போல் இருக்கும். மார்கழி இரவில் வெப்பம் 22 டிகிரிக்கு இறங்கினால் ஒலியின் வேகமும் குறைந்து, 173-இல் இருந்த முழக்கம் 170-க்கு அருகே வந்துவிடும். கோடைக்கும் மார்கழிக்கும் இடையே அறையின் சுதியே ஏறத்தாழ அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்குகிறது. தம்பூராவைச் சுதி சேர்ப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று தெரியும்.

அறை ஒரு பக்கம் இருக்கட்டும். முதல் பதிவைக் கேட்கும்போது வருகிற பெரிய அதிர்ச்சி வேறு. “இது என் குரலே இல்லையே” என்று சொல்லாதவர் யார்? நாம் பேசும்போதும் பாடும்போதும் நம் குரல் இரண்டு வழியாக நம் காதுக்குள் போகிறது. ஒன்று, வாயிலிருந்து வெளியே வந்து காற்று வழியாகச் சுற்றிப் போவது. மற்றது, தொண்டையின் அதிர்வு தாடை, மண்டையோடு வழியாக நேராக உள்காதுக்குப் போவது. இந்த எலும்பு வழியை ஹங்கேரியில் பிறந்த கியோர்க் ஃபான் பெகேஷி ஆராய்ந்து 1949-இல் எழுதினார். காது எப்படிக் கேட்கிறது என்பதை விளக்கியதற்காக 1961-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் குரலை நாமே கேட்பதில் எலும்பு வழியின் பங்கு காற்று வழியின் பங்குக்கு ஏறக்குறைய ஈடானது என்பது அவர் கண்டது. எலும்பு வழியில் கீழ்ஸ்தாயி ஒலிகள் தூக்கலாக வரும். அதனால் நமக்குள் நாம் கனமான குரல்காரர்கள். மைக் காற்று வழியை மட்டும் பிடிக்கிறது. அதில் கேட்பது மெலிந்த, கூர்மையான, அந்நியமான குரல். ஊரெல்லாம் நம்மிடம் இத்தனை நாளும் கேட்டுவந்தது அந்தக் குரலைத்தான்.

1877-இல் எடிசனின் ஃபோனோகிராஃப் வரும்வரை தன் பாட்டை வெளியே நின்று கேட்ட பாடகர் உலகில் ஒருவரும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இதை நினைக்கும்போது எனக்கு மனம் ஆண்டாளிடம் போகிறது. திருப்பாவையின் 30 பாசுரங்களையும் நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களையும் பாடியவர், பிறர் காதில் தன் குரல் எப்படி விழுந்தது என்று ஒருநாளும் அறிந்திருக்க முடியாது. பாட்டு மட்டும் ஏறக்குறைய 1,200 ஆண்டுகளாக வாய்வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. ஆழ்வார்களின் திவ்வியப் பிரபந்தத்துக்குப் பண் அமைத்தவர் நாதமுனிகள் என்பது மரபு. பாசுரத்தை இசையோடு பாடி அபிநயிக்கிற அரையர் சேவை, தமிழ்நாட்டில் ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய மூன்று தலங்களில் தொடர்கிறது. கருங்கல் ஒலியை அநேகமாக உறிஞ்சுவதே இல்லை. கல் மண்டபத்தில் அரையர் தாளத்தைத் தட்டினால் அந்த உலோக ஓசை தட்டிய பிறகும் நெடுநேரம் சுற்றிவருகிறது; அடுத்த சொல் அதன் மேலேயே வந்து உட்காருகிறது. அங்கே அந்த நீளம் அழகு. பத்தடி அறையில் அதே நீளம் சொற்களை ஒன்றோடொன்று குழப்பிவிடும்.

இந்தக் குழப்பத்தை முதலில் அளந்தவர் ஹார்வர்டில் இளம் இயற்பியல் ஆசிரியராக இருந்த வாலஸ் சபைன். 1895-இல் ஃபாக் கலைக்கூடத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடத்தில் யார் பேசினாலும் புரியவில்லை. ஒரு சொல் 5 நொடிக்கும் மேலாகச் சுழன்றது. அவரிடம் இருந்த கருவிகள் ஓர் ஆர்கன் குழல், ஒரு ஸ்டாப்வாட்ச், தன் காது. இரவில் ஊர் அடங்கிய பின், பக்கத்துச் சாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து கூடத்தில் பரப்பி, குழலை ஊதி நிறுத்தி, ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொண்டார். இன்னும் சில மெத்தை, மறுபடி ஓர் ஊதல். விடிவதற்குள் மெத்தைகளை இருந்த இடத்தில் சேர்த்துவிட வேண்டும். அந்த இரவுகளிலிருந்து பிறந்த சூத்திரம் மிக எளிது: அறையின் கொள்ளளவு கூடினால் எதிரொலிப்பு நேரம் கூடும், உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும். 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கம் இந்தக் கணக்கின்மேல் எழுந்தது.

நம் அறைக்கு அதே சூத்திரத்தைப் போடலாம். கொள்ளளவு 34 கனமீட்டர். பூச்சுச் சுவரும் டைல்ஸும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் விழுங்கும். சாமான் இல்லாத வெறும் அறையில் ஒலி அடங்க 3 முதல் 4 நொடி வரை ஆகும். ஐந்து சதுர மீட்டர் பரப்புக்குத் தடித்த பஞ்சு மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்திவைத்தால் நேரம் ஒரு நொடிக்குள் வந்துவிடும். சொல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெளியும். பஞ்சுக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமா? 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் காலத்திலிருந்து நூலும் பஞ்சுமாக வளர்ந்த ஊர் ராஜபாளையம். பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிகள் ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நெய்கின்றன. அந்தக் காஸ் துணியை இரண்டு மடிப்பாக, பூத்தையல் வளையத்தில் இழுத்துக் கட்டி மைக்குக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினால், ‘ப்ப’ வருகிற இடங்களில் வாயிலிருந்து பாயும் காற்று உடைந்துபோகும். ஒலி தடையில்லாமல் போகும்.

இழைகளின் நடுவே காற்றுத் துகள்கள் முன்னும் பின்னும் உரசும்போது ஒலியின் ஆற்றல் துளித் துளியாக வெப்பமாக மாறுகிறது. பஞ்சு செய்கிற வேலை இதுதான். ஆனால் சுவரை ஒட்டிய இடத்தில் காற்றுத் துகள்கள் அசைவதே இல்லை. சுவரிலிருந்து அலை நீளத்தில் கால் பங்கு தள்ளித்தான் அசைவு உச்சத்தில் இருக்கும். 3,500 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அந்தக் கால் பங்கு 2.5 சென்டிமீட்டர்; ஓர் அங்குல மெத்தை போதும். நம்மைப் படுத்துகிற 174 ஹெர்ட்ஸ் மத்தியமத்துக்கோ அது அரை மீட்டர். திரைச்சீலை, முட்டை அட்டை என்று எதை ஒட்டினாலும் மத்தியமம் சட்டை செய்யாது. முட்டை அட்டையை நம்பி அறை முழுக்க ஒட்டி ஏமாந்தவர்கள் நிறைய.

கீழ்ஸ்தாயிக்கு வேறு வழி உண்டு. அது தென்மாவட்ட வில்லுப்பாட்டு மேடையிலேயே இருக்கிறது. வில்லோடு சேர்த்து வைத்து வாயில் தட்டுகிற அந்த மண்குடம், ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் விளக்கிய ஒத்ததிர்வுக் கலம். குடத்தின் கழுத்தில் உள்ள காற்று ஒரு கட்டியாக மேலும் கீழும் அசைகிறது. வயிற்றில் உள்ள காற்று சுருள்வில்லாக நின்று அதைத் தள்ளி இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரே ஒரு சுதியில் அதிரும். தட்டினால் அந்தச் சுதியை எழுப்பும். சும்மா இருந்தால், அறையில் உலவும் ஒலியிலிருந்து அந்தச் சுதியை மட்டும் தனக்குள் இழுத்துக்கொள்ளும்.

ஐந்தாறு லிட்டர் கொள்கிற, வாய் 8 சென்டிமீட்டர் அகன்ற, குட்டைக் கழுத்துக் குடம் ஒன்று 174 ஹெர்ட்ஸுக்கு அருகில் ஒலிக்கும். விளிம்பில் உதட்டை வைத்து ஊதிப் பார்த்தால் அதன் சுதி காதில் விழும். மத்தியமத்துக்குக் கீழே நின்றால் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டும். உள்ளே காற்று குறையக் குறையச் சுதி ஏறும். ஊதுவது, ஒரு டம்ளர் ஊற்றுவது, மறுபடி ஊதுவது. மத்தியமம் வந்ததும் கழுத்துக்குள் லேசாகக் கொஞ்சம் பஞ்சைத் திணித்து, இழுத்த ஒலி திரும்பி வராதபடி செய்து, சுவரோரம் தரை மூலையில் வைத்துவிடலாம். ஒரு குடம் போதாது. நாலைந்து குடங்களை மூலைக்கு மூலை வைத்தால்தான் முழக்கம் தணிவது காதுக்குத் தெரியும். பாட்டைக் கட்டுகிறவர் தன் அறையையும் சுதி சேர்க்கிற இந்த வேலையில் ஒரு தனி ருசி உண்டு. விலைகொடுத்து வாங்கும் எந்தக் கருவியிலும் அது கிடைக்காது.

வீட்டில் பதிவது என்றால் ஸ்டுடியோவுக்கு வழியில்லாதவர்கள் செய்வது என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. தமிழ்த் திரையிசை 1992-இல் திசை மாறியபோது அந்த மாற்றம் ஒரு வீட்டின் பின்புறத்திலிருந்துதான் வந்தது. ஏ.ஆர். ரஹ்மான் 1989-இல் சென்னையில் தன் வீட்டை ஒட்டி அமைத்துக்கொண்ட பஞ்சதன் ரெக்கார்ட் இன்னில்தான் ‘ரோஜா’ உருவானது. ஒன்பது வயதில் தந்தை ஆர்.கே. சேகரை இழந்தவர் அவர்; தந்தை விட்டுச்சென்ற வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்தது. ஸ்டுடியோவில் மணிக்கணக்குக்கு வாடகை ஓடும். நாற்பது பேர் காத்திருக்க, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓர் ஒலியைத் தேட முடியாது. சொந்த அறையில் இரவெல்லாம் தேடலாம். பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு விடியும்வரை மறுபடி தேடலாம். அந்தப் பாடல்களில் காதுக்குப் புதிதாக விழுந்தவற்றில் பாதி, இப்படித் தேடக் கிடைத்த நேரத்தின் பலன் என்பது என் எண்ணம்.

இதற்கு முன்னோடி அமெரிக்கக் கிதார் கலைஞர் லெஸ் பால். 1948-இல் வெளியான ‘லவர்’ இசைத்தட்டில் கேட்கிற எட்டுக் கிதார்களையும் அவர் ஒருவரே வாசித்தார். தன் வீட்டுக் கராஜில் ஒன்றை வாசித்து அசிட்டேட் தட்டில் பதிவார். அதை ஒலிக்கவிட்டபடியே அடுத்ததை வாசித்து இரண்டையும் சேர்த்து இன்னொரு தட்டில் பதிவார். எட்டாவதில் ஒரு பிசகு என்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1979-இல் டாஸ்காம் நிறுவனம் சாதாரணக் கேசட்டில் நான்கு தடங்களைப் பதியும், தூக்கிச்செல்லக்கூடிய பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்படி ஒரு பெட்டியில், வீட்டு அறையில், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பதிந்ததே 1982-இன் ‘நெப்ராஸ்கா’ தொகுப்பு. இன்று கையில் இருக்கும் செல்போனில் தடங்களுக்குப் பஞ்சமில்லை. தம்பூரா ஒரு தடம், தாளம் ஒரு தடம், குரல் ஒரு தடம், தன் குரலுக்குத் தானே பின்பாட்டு இன்னொரு தடம் என்று ஒருவரே ஒரு கோஷ்டியாகிவிடலாம்.

ஒன்றைக் கேட்டுக்கொண்டே இன்னொன்றைப் பாடும்போது புளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டாம். அதில் ஒலி காதுக்கு வர 0.1 முதல் 0.2 நொடி தாமதமாகலாம். தன் குரலே 0.2 நொடி பிந்திக் காதில் விழுந்தால் பேச்சுக்கூடக் குழறும் என்பது 1950 வாக்கிலேயே சோதித்துக் கண்டது. பாட்டில் தாளம் முதலில் போய்விடும். ஒயர் வைத்த பழைய ஹெட்போன் இந்த வேலைக்குத் தங்கம்.

இனி ஊரின் சத்தம். தறிச் சத்தம், பஸ் ஹாரன், தலைக்கு மேல் சுற்றும் ஃபேன். பாடுகிற நேரத்துக்கு ஃபேனை நிறுத்தி வேர்த்துக்கொட்டப் பாடுவதைத் தவிர வழியில்லை. ஆனால் மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் நம் கையில் இருக்கிறது. தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபெல் கூடும். தெருச்சத்தம் அப்படியே நிற்கும். கரண்டிலிருந்து வருகிற ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலுக்கும் சுதி உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரைச்சல் அதன் மடங்குகளில், 100, 150 என்று வரும். ஒரு கட்டைக்காரரின் மந்தர பஞ்சமம் 98. நூறும் தொண்ணூற்றெட்டும் அருகருகே ஒலித்தால் நொடிக்கு இரண்டு முறை அலை அடிப்பது போல் ஏறி இறங்கும். தம்பூரா சுதி சேரவில்லையோ என்று திருகிக்கொண்டே இருப்போம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் பல வீடுகளில் அந்த இரைச்சல் நின்றுவிடும்.

ஊர் அடங்கிய பிறகு பதியலாம் என்றால் மார்கழியில் ஒரு விசித்திரம். விடியலுக்கு முன் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். மேலே ஒலி வேகமாக ஓடுவதால், வானத்தை நோக்கிப் போகும் ஒலி வளைந்து தரைக்கே திரும்புகிறது. பகலில் தெருமுனையோடு நின்றுவிடும் ஒலிபெருக்கிப் பாட்டு, அந்த நேரத்தில் வயல் தாண்டி அடுத்த ஊர்வரை கேட்பதற்கு இதுவே காரணம். அதிகாலை நான்கு மணிக்குத் திருப்பாவை நம் பதிவுக்குள் வந்து உட்கார்ந்தால் அதை அழிக்க எனக்கு மனம் வராது. பாட்டு எந்த ஊரில், எந்த மாதத்தில் பிறந்தது என்று அதுவே சொல்லும்.

மைக்கைத் தாண்டி உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். காற்றின் அசைவு மின் அலையாகிறது. அந்த அலையின் உயரத்தைக் கருவி நொடிக்கு 44,100 தடவை அளந்து எண்களாக எழுதிக்கொள்கிறது. மனிதக் காதின் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். எல்லையைப் போல் இரு மடங்குக்குச் சற்று மேலே அளந்துவிட்டால் அந்த எல்லைக்குள் எதுவும் விடுபடாது. 16 பிட் பதிவில் ஒவ்வோர் அளவும் 65,536 படிகளில் ஒன்று.

சரி, இத்தனை பாடுபட்டு ஒரு பாட்டைக் கட்டிப் பதிவதில் ஏன் இவ்வளவு ஆனந்தம்? மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூரும் ராபர்ட் சட்டோரேயும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு பாதி விடை தருகிறது. பிடித்த பாட்டைக் கேட்டு மெய்சிலிர்க்கும்போது மூளையில் டோபமைன் சுரக்கிறது. சிலிர்ப்பு வரும் கணத்தில் ஒரு பகுதியிலும், அதற்கு முந்தைய எதிர்பார்ப்பில் வேறு பகுதியிலும் சுரக்கிறது என்பதுதான் முக்கியம். பல்லவி திரும்பி வரப்போகிறது என்று காத்திருக்கும் நொடிகளுக்கே தனி இன்பம் உண்டு. பாட்டைக் கட்டுகிறவருக்கு இந்தக் காத்திருப்பு மூன்று நிமிஷத்தோடு முடிவதில்லை. சரணத்தை எங்கே கொண்டுபோய்ப் பல்லவியில் சேர்ப்பது என்று நாள்கணக்காக, சில சமயம் மாதக்கணக்காக, அவர் அந்த எதிர்பார்ப்பிலேயே வாழ்கிறார்.

இன்னொரு பாதியை சார்லஸ் லிம்பும் ஆலன் பிரவுனும் 2008-இல் காட்டினார்கள். ஜாஸ் பியானோ கலைஞர்கள் ஆறு பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, சின்ன விசைப்பலகை ஒன்றைக் கொடுத்து, மனப்பாடமான இசையையும் பிறகு மனோதர்மமாகவும் வாசிக்கச் சொன்னார்கள். மனோதர்மத்தின்போது, தன்னைத்தானே கண்காணித்துத் திருத்துகிற முன்மூளைப் பகுதி அடங்கியது. தன்னை வெளிப்படுத்துவதோடு தொடர்புள்ள நடுப்பகுதி விழித்தது. ஆறு பேரை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் ராகம் பாடிப் பழகியவர்களுக்கு இது அனுபவத்தில் தெரிந்த விஷயம்: தப்பு வருமோ என்ற காவல் தளர்ந்தால்தான் புதுச் சங்கதி வாயில் வரும். மேடையில் அந்தக் காவலைத் தளர்த்த வெகுகாலப் பழக்கம் வேண்டும். கதவைச் சாத்திய அறையில், எந்நேரமும் அழித்துவிடலாம் என்ற தைரியத்தில், பாடத் தொடங்கியவருக்கும் அது தளரும். காவல்காரர் பிறகு வரட்டும். பதிவைப் போட்டுக் கேட்கும்போது அவருக்கு வேலை இருக்கிறது.

அந்தக் கேட்பை அன்றைக்கே வைத்துக்கொள்ள வேண்டாம். பாடிய சூட்டில் காதில் விழுவது பாட நினைத்த பாட்டுதான். பாடிய பாட்டு இல்லை. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அடுத்த வீட்டுக்காரர் பாட்டைக் கேட்பது போல் கேட்கலாம். பிடிக்காத பதிவையும் அழிக்காமல், சுருக்காத கோப்பாக, இரண்டு இடங்களில் வைத்துக்கொள்வது நல்லது. கோப்பின் பெயரில் தேதி, கட்டை, ராகம், தாளத்தோடு, மைக் சுவரிலிருந்து எத்தனை அடியில் இருந்தது என்பதையும் எழுதிவைத்தால், நன்றாக வந்த அந்த ஒரு நாளை மறுபடி அமைத்துக்கொள்ள முடியும்.